சின்யோரா அடுப்பை அணைத்த நாள்

இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலேர்மோவுக்கு வீட்டு வேலைக்கு வந்து இரண்டாம் வருடம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் தனியாக இருந்த நேரம் டெலிபோன் அடித்தது. கொழும்பிலிருந்து அண்ணன். பெரிய விஷயம் என்றால் மட்டும் எடுக்கச் சொல்லித்தான் அந்த வீட்டு நம்பரைக் கொடுத்திருந்தேன். அவன் குரலைக் கேட்டதுமே விஷயம் பெரிதென்று விளங்கிவிட்டது.

"ஸ்டெல்லா தங்கச்சி, அம்மா போயிட்டா. அடக்கமும் முடிஞ்சுது. மன்னாரிலை இருந்து எனக்கே இண்டைக்குத்தான் சேதி வந்தது."

சண்டைக் காலம். ஊருக்குப் பாதை பூட்டிக் கிடந்தது. இங்கே இருப்பதற்கான அனுமதிப் பத்திரம், பெர்மெஸ்ஸோவும் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. வெளியே போனால் திரும்பி வர முடியாது. ரிசீவரை வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன்.

நான் வீட்டோடு தங்கி வேலை செய்தேன். வீட்டுக்காரி எழுபதைத் தாண்டிய விதவை. சின்யோரா என்றுதான் கூப்பிடுவேன். கண்டிப்பானவர். சட்டைக் கழுத்தில் ஒரு சுருக்கம் இருந்தாலும் மறுபடி அயர்ன் பண்ண வேண்டும். அவர் பெரிய அறையில் சாப்பிடுவார், நான் குசினியில். அன்று அவருடைய பேத்திக்குக் கத்தோலிக்கக் கோயிலில் முதல்நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பூசை முடிந்து சொந்தக்காரர் எல்லாரும் மதியம் சாப்பிட வருவார்கள். அடுப்பில் பாஸ்தாவுக்கு ஊற்றும் தக்காளிக் குழம்பு, சூகோ, கொதித்துக்கொண்டிருந்தது.

கொண்டாட்ட வீட்டில் சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்று நினைத்தேன். முகத்தை நீட்டிக்கொண்டு வேலை செய்தாள் என்று நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணையும் எனக்குத் தெரியும். அந்தப் பயமும் இருந்தது. ஆகவே மேசை விரித்தேன். கிளாஸ்களைத் துடைத்தேன். ஓவனில் வைக்க வேண்டிய பாஸ்தாவை அவித்து வடித்தேன். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று எனக்கு மறந்துபோயிற்று.

மற்றவர்கள் படம் எடுக்க நின்றுவிட, சின்யோரா முதலில் வந்தார். வடித்த பாஸ்தாவுக்கு முன்னால் நான் சும்மா நிற்பதைக் கண்டு, என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இத்தாலியனில் இரண்டே சொல் வந்தது.

"மம்மா மோர்த்தா."

அம்மா செத்துப்போனா. எப்போது, எங்கே என்று கேட்டார். தெரிந்த மட்டில் சொன்னேன். அவர் கைப்பையை வைத்துவிட்டுப் போய், சூகோ கொதித்த அடுப்பை அணைத்தார். ஓவனையும் அணைத்தார்.

சற்று நேரத்தில் பேத்தியின் தாய், சின்யோராவின் மகள் லூச்சியா வந்தார். விஷயத்தைக் கேட்டு முகம் மாறியது. அவர்கள் கதைத்ததை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"சாவு எங்கையோ தூரத்திலை அம்மா. இண்டைக்குப் பிள்ளையின்ரை நாள்."

"ஸ்டெல்லா இருக்கிறது இந்த வீட்டிலை. அப்ப சாவும் இந்த வீட்டிலைதான். சாவு வீட்டிலை அடுப்பு எரியாது."

எங்கள் ஊரிலும் அதுதான் வழக்கம். சிசிலிக்காரருக்கும் அது உண்டென்று அன்றுதான் அறிந்தேன். லூச்சியா கோபத்தோடு பாஸ்தாவையும் சூகோவையும் தூக்கிக்கொண்டு, விருந்தாளிகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

சின்யோரா விழாச் சட்டையை மாற்றிக் கறுப்பு உடுத்தி வந்தார். பெரிய அறையில் தன் பக்கத்துக் கதிரையில் என்னை இருத்தினார். அந்தக் கதிரையை நான் நித்தமும் துடைத்திருக்கிறேன்; ஒருநாளும் இருந்ததில்லை. அம்மாவின் பெயர் கேட்டார். பிலோமினா என்றேன்.

"இஞ்சையும் அந்தப் பேர் வைக்கிறவை. எங்கடை பேர்தான்" என்றார்.

அந்தப் பெயரைச் சொல்லிச் செபமாலை தொடங்கினார். ஒவ்வொரு செபத்திலும் முதல் பாதியை அவர் தன் மொழியில் சொல்ல, மற்றப் பாதியை நான் தமிழில் சொன்னேன். பாதி வழியில் எனக்குக் குரல் உடைந்தது. அவர் நிறுத்தவில்லை. என் பங்கையும் தானே சொல்லிக்கொண்டு போனார். அப்போதுதான் நான் அழுதேன்.

பின்னேரம் லூச்சியா திரும்பி வந்தார். துவாயில் சுற்றிய சூப்புப் பானை கையில் இருந்தது. பின்னால் வந்த சொந்தக்காரர் விழா உடுப்போடேயே வரிசையாக என் கையைப் பிடித்து, துக்கம் விசாரிக்கிற, அப்போது எனக்குத் தெரியாத ஒரு சொல்லைச் சொன்னார்கள். லூச்சியாவே சூப்பை ஊற்றி என் முன்னால் வைத்தார்.

"சுடுது, பாத்துக் குடி" என்றார். கோபம் இல்லை.

அடுத்த நாள், அடுப்பில் தெறித்த சூகோவை ஏன் துடைக்கவில்லை என்று சின்யோரா ஏசினார். கடைசிவரை ஏசிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பலேர்மோவில் இருந்த தமிழர் அம்மாவுக்காகக் கூடிய எட்டாம் நாள் பூசைக்கு என்னோடு வந்து, எங்கள் சனத்துக்கு நடுவில், தமிழில் ஒரு சொல்லும் விளங்காமல் முடியும்வரை இருந்தார்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் முதலில் எந்தச் சொற்களைப் படிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்பதுண்டு. வாளி, தும்புத்தடி எல்லாவற்றின் பெயரையும் வேலையே படிப்பிக்கும். உங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லப் படியுங்கள். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற வீடுகளும் உண்டு. அப்படிப்பட்ட வீடுகளிலும் வேலை செய்திருக்கிறேன். ஆனாலும் நான் அந்த இரண்டு சொல்லையும் விழுங்கியிருந்தால், சின்யோரா எப்படிப்பட்ட மனுஷி என்று காட்ட அவருக்கும் ஒரு வழி இருந்திருக்காது.