ஏழாம் விதியும் டெனர் வரிசையும்

நம் சபையாருக்கு டெய்சி எழுதுவது. நகராட்சி அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். நம் பாடகர் குழுவில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ பாடினேன், முன்வரிசையில், வலது ஓரத்தில். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நான் ஒருவரைப் பழிவாங்கித் தரும்படி ஆண்டவரிடம் ஜெபித்தேன். ஆண்டவர் கேட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன் மழைக்காலத்தில் என் கழுத்தில் ஒரு கட்டி தென்பட்டது. தைராய்டு என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். ஒப்புதல் படிவத்தின் நான்கு பக்கங்களையும் உட்கார்ந்து படித்தேன். அதை முழுக்கப் படித்த ஆளை இப்போதுதான் பார்ப்பதாக நர்ஸ் சொன்னார். குரல் மாறக்கூடும் என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கட்டி குரல் நரம்பின் மேலேயே படுத்திருக்கிறது என்று டாக்டரும் ஒளிக்காமல் சொன்னார். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரி மேல் எனக்குப் புகார் இல்லை. கட்டியும் கெட்ட கட்டி இல்லை என்று ரிசல்ட் வந்தது. அதற்கே நான் ஒரு சாட்சி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கண் விழித்துத் தண்ணீர் கேட்டபோது என் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

மூன்று மாதம் அந்தக் காற்றுதான். காய்கறிக்காரரிடம் கத்தரிக்காயைக் கை காட்டி வாங்கினேன். போனை எடுத்தால் எதிர்முனையில் இருப்பவர்கள் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிடுவார்கள். நாலாம் மாதம் பேச்சு வந்தது, கரகரவென்று, தடித்துப் போய்.

"பேச்சு வந்துடுச்சும்மா. மேல போற சத்தம் வருமான்னு என்னால சொல்ல முடியாது," என்றார் டாக்டர்.

வீட்டில் நான் தனி ஆள். சனிக்கிழமை மாலை ஆறு மணிப் பயிற்சி என்றால் எனக்கு வெள்ளிக்கிழமையே புடவை இஸ்திரி ஆகிவிடும். முப்பத்தொன்பது வருஷமாக அப்படி. பேச்சு வந்த முதல் சனிக்கிழமையே போய் நின்றேன்.

எபி அப்போதுதான் பாடகர் குழுத் தலைவராகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். நல்ல காது, நல்ல கை. வாய் மட்டும் அவ்வளவு நல்லதில்லை. இதை அவர் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.

"ஆன்ட்டி, ரூல் ஏழு இருக்கே," என்றார்.

மூன்று மாதத்துக்கு மேல் பயிற்சிக்கு வராதவர் குரல் தேர்வில் தேறினால்தான் மறுபடி சேர்க்கப்படுவார் என்பது ஏழாம் விதி. எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷத்துக்கு முன் குழுவின் செயலாளராக இருந்தபோது அதை எழுதியதே நான்தான். யாரை மனதில் வைத்து எழுதினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தேர்வைத் தனியாக வைத்திருக்கலாம். எல்லோர் முன்னாலும் வைத்தார். தூக்கத்தில்கூட நான் பாடக்கூடிய ஒரு பாட்டு. மூன்றாம் வரியில் மேலே ஏறும் இடத்தில் பழம்புடவை கிழிகிற மாதிரி என் குரல் கிழிந்தது. யாரோ சிரித்தார்கள். யார் என்று தெரியும், எழுதவில்லை.

"ஆன்ட்டி, சபையில உக்காந்து ஆராதிக்கிறதும் ஊழியம்தான். சொல்லப்போனா அதுதான் பெரிய ஊழியம்," என்றார் எபி.

'அப்ப அந்தப் பெரிய ஊழியத்த நீங்களே எடுத்துக்கங்களேன்' என்று சொல்ல வாயெடுத்தேன். பாழாய்ப்போன குரல் அங்கேயும் வரவில்லை.

மறுவாரம் என் இடத்தில் எபியின் மனைவி ஷீபா நின்றார். கையில் என் பதினாலாம் நம்பர் பாட்டு ஃபைல். எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று நான் பென்சிலில் போட்டிருந்த குறிகளைப் பார்த்து அவர் மூச்சு வாங்கினார்.

அன்று வீட்டுக்கு வந்து விதிப் புத்தகத்தை எடுத்தேன். மேல்முறையீடு செய்ய ஒரு வழி, ஒரு விலக்கு, ஒரு "இருப்பினும்" எங்காவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. அவ்வளவு கெட்டியாக எழுதியிருந்தேன்.

ஆகவே மேலிடத்துக்குப் போனேன். முழங்காலில் நின்று சொன்னால் அழுகை வந்து விஷயம் கலைந்துவிடுகிறது. அதனால் வெள்ளைத் தாளில் எழுதி வேதப் புத்தகத்துக்குள் வைத்தேன். அலுவலக மனு போலப் பொருள், பார்வை எல்லாம் போட்டேன். கோரிக்கைகள் மூன்று. என் குரல் பழையபடி திரும்ப வேண்டும். ஒரு பண்டிகை நாளில் சபை நிறைந்திருக்கும்போது எபி பாட்டில் தவறி வெட்கப்பட வேண்டும். அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். தினமும் காலையில் அந்தத் தாளைப் பிரித்து வாசித்து ஆமென் சொன்னேன். சத்துருவின் பல்லை உடைக்கச் சொல்லும் ஜெபங்கள் வேதத்திலேயே இருக்கின்றன. என்னுடையது பல் வரைக்கும் போகவில்லை. அந்த அளவுக்கு நான் சாந்தமானவள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் குழுவைப் பார்த்தபடி இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு சிறு நோட்டில் எபியின் தவறுகளைக் குறித்தேன். சுருதி இறங்கினால் ஒரு கோடு. தாளம் ஓடினால் ஒரு கோடு. பிரசங்கம் ஒன்றுகூட நினைவில்லை. கோடுகள் முப்பத்தொன்று.

அந்தப் பெஞ்சில் எனக்கு முன்பே ஒருவர் இருந்தார். மதாம் செலின், நம் ஊர்ப் பிரெஞ்சு வழக்கப்படி எல்லோருக்கும் மதாம். பிறந்தது கத்தோலிக்கக் குடும்பத்தில், நம் சபையில் கல்யாணம் செய்து வந்தவர். எழுபத்து நாலு வயது. பதினெட்டு வருஷமாக அவர் அந்தப் பெஞ்சில்தான் உட்காருகிறார். அதற்கு முன் அவரும் ஆல்டோ. முன்வரிசை வலது ஓரம் அவருடையதாக இருந்தது. மகளின் பிரசவத்துக்குப் பிரான்சுக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தார். வந்தபோது ஏழாம் விதி அவருக்காகத் தயாராக இருந்தது. குளிரில் தொண்டை கட்டியிருந்தது அவருக்கு. ஒரு வாரம் அவகாசம் கேட்டார். விதியில் ஒரு வாரத்துக்கு இடமில்லை என்று சொன்னேன். இப்போது புரிந்திருக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்தும் இரண்டு மாதம் நாங்கள் பேசவில்லை. ஒரு ஞாயிறு, பாட்டு முடிந்து உட்காரும்போது அவர் திரும்பாமலே சொன்னார்: "இன்னாத்துக்கு மேல ஏறணும்னு அடம் புடிக்கிற? கீழ நல்லாத்தான் இருக்கு."

"கீழன்னா?"

"உன் கொரலு செத்தா போச்சு? மாடி வீட்டக் காலி பண்ணிட்டுக் கீழ் வீட்டுக்கு வந்துருக்கு. அவ்ளோதான். வியாழக்கிழமை மூணு மணிக்கு வீட்டுக்கு வா."

போனேன். காபியை டம்ளரில் தரமாட்டார், பீங்கான் கிண்ணத்தில்தான் தருவார். ஒரு தடித்த நோட்டை மேசைமேல் போட்டார். நம் குழு பாடுகிற அத்தனை பாட்டுகளுக்கும் நான்கு குரலும் சால்ஃபாவில், அதாவது ட, ர, ம என்று எழுத்தில் சுரம் குறிக்கும் பழைய முறையில், அவர் கையெழுத்தில் இருந்தன. பதினெட்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து காதால் கேட்டே எழுதியிருக்கிறார். டெனர் வரியில் விரலை வைத்து, "பாடு," என்றார்.

டெனர் ஆண்களின் மேல்குரல், ஆல்டோவுக்கு ஒரு படி கீழே. பாடினேன். ஒரு இடத்தில்கூடக் கிழியவில்லை. அந்த வீட்டுச் சமையலறையில் ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு பாட்டை முழுசாக முடித்தேன். அழுதேன். அவர் கரித்துணியை நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து நான் உண்மையைச் சொன்னேன். "மதாம், அந்த ரூல் உங்களுக்குன்னே எழுதுனது."

"தெரியும். எழுதுனது நீதான்னும் தெரியும். உங்க ஆபீஸ் டைப் மிஷின்ல 'ழ' மட்டும் கொஞ்சம் மேல நிக்கும். என் வீட்டு வரி நோட்டீசும் அப்படித்தான வரும்."

"இத்தினி வருஷம் ஒண்ணும் கேக்கலியே."

"உன்ன எதுக்குக் கேக்கணும்? கேக்க வேண்டிய எடத்துல கேட்டேன். 'ஆண்டவரே, அவளும் ஒரு நாளு இந்தப் பெஞ்சுல வந்து என் பக்கத்துல உக்காரணும்'னு. டெய்லி கேட்டேன்." கிண்ணத்தைக் கழுவியபடியே சொன்னார். "உக்காந்த."

சகோதர சகோதரிகளே, கேளுங்கள். என் மனு ஏன் கிடப்பில் கிடக்கிறது என்று ஆண்டவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருஷம் சீனியரான ஒரு மனு எனக்கு முன்னால் இருந்திருக்கிறது. அதை அவர் முறைப்படி முதலில் பைசல் செய்திருக்கிறார். நான் அந்தக் கோப்பின் முடிவுரை. முப்பத்து நாலு வருஷம் கோப்பு பார்த்த எனக்கு இதில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

"என்ன மன்னிச்சிடுங்க, மதாம்."

"பாக்கலாம். மொதல்ல இந்தப் பாட்டப் பாடு."

வியாழக்கிழமைதோறும் போனேன். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து தொடங்கியபோது எபிக்கு ஒரு நெருக்கடி வந்தது. டெனர் இரண்டு பேர். ஒருவர் துபாய்க்குப் போய்விட்டார். இன்னொருவருக்குச் சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட் மாறி சனிக்கிழமை மாலை வரமுடியவில்லை. ஈஸ்டருக்கு எபி எடுத்திருந்த பாட்டிலோ, நடுவில் டெனர் மட்டும் தனியாகத் தொடங்கும் ஒரு இடம் இருந்தது. டெனர் பாடத் தெரிந்தவர்கள் தேர்வுக்கு வரலாம் என்று ஆராதனையில் அறிவித்தார்.

அன்று மாலையே நம் சபை ஆயரிடம் எழுத்துப்பூர்வமாக விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினேன். அதனால் சனிக்கிழமை ஆயரும் வந்து உட்கார்ந்தார்.

"ஆன்ட்டி, இது டெனர். ஜென்ட்ஸ் பாடுறது," என்றார் எபி.

"ரூல் நாலு படிங்க, தம்பி."

ஒருவர் பாடும் பகுதி அவருடைய குரல் எல்லையைப் பொறுத்தே தீர்மானிக்கப்படும் என்பது நாலாம் விதி. ஆண், பெண் என்று ஒரு வார்த்தை கிடையாது. அதுவும் நான் எழுதியதுதான்.

"ரூல்ல எடம் இருக்கே, எபி," என்றார் ஆயர்.

பாடினேன். முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. சிரித்தவரைத் தேடிப் பார்த்தேன். ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். எபி கீபோர்டைப் பார்த்தபடி, "சேந்துக்கங்க, ஆன்ட்டி," என்றார். அங்கேயே என் அடுத்த தாளை நீட்டினேன். ஏழாம் விதியை நீக்கவும், அதனால் வெளியேற்றப்பட்ட செலின் அம்மாவைத் தேர்வில்லாமல் சேர்க்கவும் தீர்மானம். முன்மொழிவது டெய்சி. வழிமொழிவது யார் என்று ஆயர் இரண்டு முறை கேட்டார். கடைசியில் ஷீபா கையைத் தூக்கினார். பதினாலாம் நம்பர் ஃபைலையும் அவரே கொண்டுபோய் மதாமிடம் கொடுத்தார். அந்தப் பெண் மேல் எனக்கிருந்த கோபத்தை அன்றோடு விட்டேன். எபி மேல் இருந்ததை விடவில்லை.

ஏன் என்றால், அந்தத் தனி இடத்துக்கு முன் இருபது பீட், அதாவது இருபது தாள எண்ணிக்கை, கீபோர்டு மட்டும்தான்; குரல்களுக்கு மௌனம். எபி பதினாறிலேயே தொடங்கச் சொல்லிக் கை தூக்கப் பார்ப்பார். பயிற்சியில் இரண்டு முறை தூக்கி, சிரித்து, இறக்கினார். வேறு யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். சொல்லவில்லை. என் ஃபைலில் சிவப்பு மையால் வட்டம் மட்டும் போட்டேன். இரண்டாம் கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

ஈஸ்டர் காலை. பக்கவாட்டு வாசல் வரை ஜனம். நான் டெனர் வரிசை. வரிசை என்றால் நான் ஒருத்திதான். மதாம் முன்வரிசை வலது ஓரம். கீபோர்டு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. எண்ணினேன். பதினாலு. பதினைந்து. பதினாறு. எபியின் கை மேலே போனது.

கேட்டதைக் கேட்டபடியே கையில் கொடுத்துவிட்டார் ஆண்டவர். பண்டிகை நாள், சபை நிறைய ஜனம், நான் கண்ணால் பார்க்கிறேன். அந்தக் கையைப் பின்பற்றி நான் வாயைத் திறந்தால் பாட்டு அங்கேயே உடையும். உடைத்தது யார் என்று கீபோர்டுக்குத் தெரியும், குழுவுக்குத் தெரியும், அரை நிமிஷத்தில் ஊருக்கே தெரியும். நான் செய்ய வேண்டியதெல்லாம் கீழ்ப்படிவதுதான். அவருடைய கண் என்னைப் பார்த்தது. தவறு அவருக்கும் அந்த நொடியே புரிந்துவிட்டது. கையை இறக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் நின்றார்.

மதாம் லேசாகத் திரும்பி என்னைப் பார்த்தார். குளிரில் தொண்டை கட்டி ஒரு வாரம் கேட்ட அதே முகம்.

பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது. இருபது. சரியான இடத்தில் தொடங்கினேன், என்னிடம் இருந்த அத்தனை குரலோடும். அந்தரத்தில் நின்ற அவர் கை என் குரலைப் பின்பற்றி இறங்கியது. ஆல்டோ வந்தது, மற்றவர்கள் வந்தார்கள். இந்த வருஷம் போல் எந்த வருஷமும் இல்லை என்று வாசலில் எல்லோரும் எபியின் கையைக் குலுக்கினார்கள். அவர் நன்றி சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

நான் இரக்கம் காட்டினேன் என்று நினைக்காதீர்கள். சபை முழுக்கத் தெரிந்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருக்கும். இதுவரை அவருக்கும் எனக்கும் மதாமுக்கும் மட்டுமே தெரிந்ததால் அது இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் மௌனம் வரும் இடங்களில் எபி கையைக் கட்டிக்கொண்டு, "ஆன்ட்டி, நீங்க எண்ணுங்க," என்கிறார். எண்ணுகிறேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. இதை உங்களுக்குத் தருவதற்கு முன் அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "பதினாறு இல்ல ஆன்ட்டி, பதினேழு," என்றார். பதினாறுதான்.

என் மூன்று கோரிக்கைகளில் முதலாவதை ஆண்டவர் மாற்றிக் கொடுத்தார். மற்ற இரண்டையும் என் கையிலேயே கொடுத்து என்ன செய்கிறாய் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். கோடு போட்ட நோட்டைக் கிழித்துவிட்டேன். குரல் போனவர்கள், பிசிறடிப்பவர்கள் யாராயிருந்தாலும் வியாழன் மூன்று மணிக்கு மதாம் வீட்டுக்கு வரலாம். தேர்வு கிடையாது. மதாம் என்னை மன்னித்துவிட்டாரா என்று போன வாரமும் கேட்டேன். "பாக்கலாம்," என்றார். எனக்கு அது போதும்.

உங்களுக்கு யார் மேலாவது பழி இருந்தால் மனசுக்குள் வைத்துப் புழுங்காதீர்கள். ஆண்டவரிடம் எழுதிக் கொடுங்கள். அவர் எந்தத் தாளையும் குப்பையில் போடுவதில்லை. நானே அதற்குச் சாட்சி. ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பேரில் யாராவது ஏற்கெனவே மனு கொடுத்திருக்கிறார்களா என்று யோசித்துப் பாருங்கள். அவர் சீனியாரிட்டிப்படிதான் பார்க்கிறார்.