விரத நாளில் வந்த மட்டன் வறுவல்

கந்த சஷ்டி விரதத்தின் நான்காம் நாள். வெறும் பாலைக் குடித்துவிட்டு, முருகா முருகா என்று உட்கார்ந்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழுகிறது. கறிவேப்பிலை தூவி, எண்ணெய் மினுங்கும் மட்டன் வறுவல்! கீழே, 'இன்றைய ஸ்பெஷல். உடனே ஆர்டர் செய்யுங்கள்.'

வந்ததே கோபம்! யாரைக் கேட்டு என் நம்பருக்கு அனுப்பினார்கள்? அப்போதே ப்ளாக் செய்துவிட்டேன்.

அனுப்பியவர் மகேஸ் என்கிற பெண். எங்கள் சுங்கை பினாங் ஃப்ளாட்டில் வீட்டிலேயே சமைத்து, பொட்டலச் சாப்பாடு விற்கிறார். ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவர். மறுவாரம் பசார் சந்தையில் என்னை மடக்கிவிட்டார்.

"அண்ணே, ப்ளாக் பண்ணிட்டீங்களா?"

"பின்னே? விரதம் இருக்கிறவனுக்கு மட்டனா அனுப்புவே?"

முகம் சுருங்கிவிட்டது. "கோயில் அன்னதானக் குரூப்ல இருந்த நம்பருக்கெல்லாம் அனுப்பிட்டேன் அண்ணே. நோட்டீஸ் அடிச்சு லெட்டர்பாக்ஸ்ல போட்டேன், எல்லாம் குப்பைக்குப் போச்சு. இந்த மாசமும் ஆர்டர் ஏறலன்னா மறுபடி ஃபேக்டரி ஷிஃப்ட்டுதான் லா."

அன்னதானக் குரூப்புக்கு மட்டன் விளம்பரம்... சிரிப்பதா, அழுவதா? பாவமாகவும் இருந்தது.

மகேஸ் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தார். "இனிமே கேட்டுட்டுத்தான் அனுப்புவேன். உங்களுக்கு என்னைக்கெல்லாம் சைவம்?"

"வெள்ளி, சஷ்டி, புரட்டாசி முழுசும்."

"அந்த நாள்ல மட்டும் சைவ மெனு அனுப்பட்டுமா? வேணாம்னா சொல்லிடுங்க, அனுப்பவே மாட்டேன்."

இதுவரை யார் என்னிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள்? கடன் வேண்டுமா என்று நாளுக்கு நாலு முறை கூப்பிடுகிறவர்கள் கேட்டதுண்டா? அங்கேயே ப்ளாக்கை எடுத்துவிட்டேன்.

இப்படியே ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார். நிறையப் பேர் வேண்டாம் என்றார்கள். ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டே விட்டாராம்! சரி என்றவர்கள் பத்தொன்பது பேர். மேல்மாடி ஸ்டெல்லா டீச்சருக்குத் தவக்கால வெள்ளிகளில் மீன் போதும், இறைச்சி கூடாது. டாக்ஸி ஓட்டும் அண்ணன் ஒருவருக்கு ஞாயிறு மட்டும், அதுவும் மட்டன் இருந்தால் மட்டும். எல்லாம் நோட்டில் ஏறியது.

எனக்கு நம்பிக்கையே இல்லை. பத்தொன்பது பேரை வைத்து யாராவது வியாபாரம் செய்வார்களா?

போன வெள்ளி மகேஸுக்குக் காய்ச்சல். மெனு அனுப்பவில்லை. பத்து மணிக்குள் ஃபோன் மேல் ஃபோன். 'ஏன் இன்னும் மெனு வரல?' 'உடம்பு சரியில்லையா?' ஸ்டெல்லா டீச்சர் கஞ்சியோடு வந்து கதவைத் தட்டியிருக்கிறார். நானும்தான் பசியோடு காத்திருந்தேன்! லெட்டர்பாக்ஸில் நோட்டீஸ் வரவில்லையே என்று நம்மில் யாராவது கவலைப்பட்டிருக்கிறோமா?

அந்த டீச்சர் சொல்லித்தான் பள்ளிக்கூடத்தில் ஆறு பேர் தாங்களாகவே நம்பர் கொடுத்து, 'எங்களுக்கும் அனுப்புங்க' என்றிருக்கிறார்கள்.

நேற்று பழைய ஃபேக்டரியிலிருந்து ஆள் வேண்டுமென்று கூப்பிட்டார்களாம்.

"என்னம்மா சொன்னே?"

"வர முடியாதுன்னுட்டேன் அண்ணே. இருபத்தஞ்சு பேரு என்னைத் தேடுவாங்க லா!"