ஒன்றரை மணிக்கு இன்னும் பத்து நிமிஷம்

ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் தரம் இரண்டு வகுப்பாசிரியையாக இருந்தேன். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளை வகுப்பில் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று ஹட்டனில் நடந்த மூன்று நாள் செயலமர்வுக்கு என்னை அனுப்பினார்கள். என் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தாள், தர்ஷிகா. ஒரு கோப்பு, ஒரு சான்றிதழ், லேமினேட் செய்த படங்கள் ஒரு கட்டு. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு திங்கட்கிழமை எல்லாம் தெரிந்தவளாகத் திரும்பி வந்தேன்.

அது முதல் மணி அடிக்கும்வரைதான்.

1. மேசைக்குக் கீழே

எங்கள் மணி என்பது வராந்தாவில் தொங்கும் தண்டவாளத் துண்டு. பாடசாலை அதிபர் அதை வேறு யாரிடமும் விடமாட்டார். இரும்புக் கம்பியால் அவர் அடித்தால் எதிர் மலையில் கொழுந்து பறிப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். தர்ஷிகா அலறிக்கொண்டு என் மேசைக்குக் கீழே புகுந்தாள். ‘பிள்ளையின் மட்டத்துக்கு இறங்கிப் பேசுங்கள்’ என்று செயலமர்வில் சொல்லியிருந்தார்கள். நானும் புகுந்தேன். சேலை மேசைக்காலில் மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து அதிபர் வந்தார்.

“டீச்சர் எங்க?”

“இங்கதான் சேர். மேசைக்குக் கீழ.”

“மூணு நாள் ட்ரெய்னிங்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?”

“ஆமா சேர்.”

ஒவ்வொரு மணிக்கும் இதே கதைதான். நான் காட்டிய படங்களில் ஒன்றைக்கூட அவள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை அதிபர் அவள் அம்மாவை வரச்சொன்னார். செல்வி மலையிலிருந்து நேரே, கொழுந்து பறிக்க இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்குச் சீலையைக்கூட அவிழ்க்காமல் ஓடி வந்தார்.

“மத்தப் பிள்ளைகளும் பயப்படுதும்மா. இதுக்குச் சத்தம் ஆகல. கொஞ்ச நாளைக்கு வீட்டுல வச்சுக்கங்க.”

“வீட்டுல விட்டுட்டு நான் எப்படிங்க சேர் வேலைக்குப் போறது? அவ சத்தத்துக்குப் பயந்தவ இல்லீங்க. பெக்டரி சங்கு ஊதுறதுக்கு முந்தியே மணிக்கூட்டப் பாத்துக் காத மூடிக்கிட்டு நிப்பா. திடீர்னு வந்தாத்தான் ஆகாது.”

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு மாதமாகப் பிள்ளையை வைத்திருக்கிறேன். இந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“ஒரு கிழமை குடுங்க சேர்” என்றேன்.

“ஒரு கிழமைதான் டீச்சர். அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும்.”

2. மணிக்கூடு

ராகலைக் கடையில் ஒரு சுவர் மணிக்கூடு வாங்கி மாட்டினேன். எந்த மணிக்கு முட்கள் எங்கே நிற்கும் என்று வரைந்து அதன் கீழே ஒட்டினேன். திங்கட்கிழமை நான் அவளுக்குக் காட்டினேன். செவ்வாய்க்கிழமை அவள் எனக்குக் காட்டினாள். மணிக்கு முன்னரே காதை மூடிக்கொள்வாள். சத்தம் அடங்கியதும் கையை எடுத்துவிட்டு எழுதத் தொடங்குவாள். புதன்கிழமை வகுப்பு மொத்தமும் அவளோடு சேர்ந்து காதை மூடிக்கொண்டது. மேசைக்குக் கீழே யாரும் போகவில்லை, நான் உட்பட.

3. வெள்ளிக்கிழமை

ஒன்றை மறந்துவிட்டேன். அதிபருக்கு வீடு நுவரெலியாவில்; சனி ஞாயிறுக்கு அங்கே போவார். ஒன்று இருபத்தைந்துக்குச் சந்தியில் பஸ். அதனால் வெள்ளிக்கிழமைகளில் பாடசாலை விடும் ஒன்றரை மணி எப்போதும் ஒன்று இருபதுக்கே அடிக்கும். ஆசிரியர்கள் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எங்களுக்கும் அது வசதிதான்.

அன்றும் அவர் கம்பியை எடுத்தார். ஜன்னல் வழியாகப் பார்த்த தர்ஷிகா ஓடிப்போய்த் தண்டவாளத்துக்கு முன்னால் நின்றாள்.

“இல்ல. ஒன்றரை.”

அதிகம் பேசாத பிள்ளை. அதிபர் திகைத்துப்போனார்.

“டீச்சர், இதக் கொஞ்சம் உள்ள கூட்டிட்டுப் போங்க.”

“நேரத்த மாத்தினா அவளுக்குச் சரிவராது சேர்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“இன்னும் பத்து நிமிஷம்” என்றாள் அவள்.

பாடசாலையே ஜன்னலில் நின்று பார்த்தது. கீழே சந்தியில் பஸ் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. அதிபர் கம்பியும் கையுமாக அது போவதைப் பார்த்தார்.

“இப்ப அடிக்கலாமா?”

அவள் ஜன்னல் வழியாக மணிக்கூட்டை எட்டிப் பார்த்தாள். “நாலு நிமிஷம்.”

ஒன்றரைக்கு அவள் காதை மூடிக்கொண்டு தலையாட்டினாள். அவர் அடித்தார், வழக்கத்தைவிட மெதுவாக.

பக்கத்து வகுப்புத் தேவகி டீச்சர் பையை மாட்டிக்கொண்டே, “ஒங்க ட்ரெய்னிங்னால எங்க பஸ்ஸும் போச்சு” என்றார். அடுத்த கிழமை முழுவதும் என்னோடு தேநீர் குடிக்கவில்லை.

திங்கட்கிழமை அதிபர் செல்வியை மறுபடியும் வரச்சொன்னார். நானும் கூடவே போய் நின்றேன்.

“பிள்ளை இங்கயே படிக்கட்டும்மா” என்றார் அதிபர். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். “வெள்ளிக்கிழமைல மட்டும் லீவு போட்டாலும் நான் ஒன்னும் கேக்கமாட்டேன்.”

செல்விக்கு விஷயம் புரியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். “ஒரு நாள்கூட லீவு போடமாட்டா சேர். சத்தியமா!”

அவள் போடவும் இல்லை. அதன் பிறகு எங்கள் பாடசாலை வெள்ளிக்கிழமையும் ஒன்றரைக்குத்தான் விட்டது.

இப்போது புதிய ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க என்னைக் கூப்பிடுகிறார்கள். படம் வெட்டுவதற்கு முன்னால் அம்மாவை உட்காரவைத்துப் பேசுங்கள் என்றுதான் தொடங்குவேன். அதோடு, ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால் அந்த நேரத்துக்கு நடக்கவேண்டும். பிள்ளை அதை நம்பித்தான் மேசைக்குக் கீழிருந்து வெளியே வருகிறது.