பெரியப்பாவின் அணி தோற்ற காலை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, நேரில் ஒருநாளும் கண்டிராத இருபத்தைந்து அமெரிக்கர்களை நான் முழுமனதோடு வெறுத்தேன். பேஸ்போல் ஆடுகிறவர்கள். ஏப்ரலில் நன்றாகத் தொடங்குவார்கள். ஓகஸ்ட் வரை எதிரே வந்தவர்களையெல்லாம் வெல்வார்கள். செப்டெம்பர் பிறந்ததும், யாரோ காற்றைத் திறந்துவிட்ட பந்துபோல இறங்கிப்போவார்கள். ஓர் ஆண்டு கடைசி வாரத்தில் ஆறு ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்றார்கள். இன்னோர் ஆண்டு ஒரே ஓர் ஆட்டத்தால் தவறவிட்டார்கள். அதற்கு முந்திய ஆண்டு, அவர்களில் நன்றாகப் பந்து எறிகிறவர் தன் வீட்டுப் படியில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டார். சிட்னியின் மேற்கே, பென்டில் ஹில்லில் ஓர் இரண்டு அறைக் குடியிருப்பில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு இதில் என்ன கவலை என்று கேட்கலாம். எல்லாம் பெரியப்பாவால் வந்தது.

பெரியப்பா அப்பாவின் ஒரே அண்ணன். நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிடுவதற்கு முதலே அமெரிக்காவில் ஓர் ஏரிக்கரை நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தவர். போன புதிதில் கூட வேலை செய்தவர்கள் அவரை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆட்டம் விளங்குவதற்கு முன்பே அந்த அணி அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. நாங்கள் சிட்னிக்கு வந்த பிறகு தொலைபேசி வழியாக அது அப்பாவுக்குத் தொற்றியது. அப்பாவிடமிருந்து எனக்கு.

அங்கே இரவு விளையாடினால் எங்களுக்கு மறுநாள் காலை. அப்பா பாண் சுடும் தொழிற்சாலையில் பின்னேர வேலை செய்தார். இரண்டு மணிக்குப் போனால் போதும். சனி, ஞாயிறு காலைகளிலும் பள்ளி விடுமுறையிலும் நானும் அவரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்போம். நடுவில் ஒரு கதிரை. அதில் தொலைபேசி, தொலைபேசிக்குள் பெரியப்பா. இரண்டு நாட்டிலும் ஒரே ஆட்டம்தான் ஓடும், ஆனால் எங்கள் படம் அரை நிமிடம் பிந்தித்தான் வரும். இங்கே பந்து எறிகிறவர் இன்னும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிற்பார். அதற்குள் தொலைபேசியிலிருந்து பெரியப்பா "அடிச்சிட்டான்!" என்று கத்துவார். நடக்கப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது. எதிர்காலம் அமெரிக்காவில் இருந்து வருகிறது என்று நான் கொஞ்சநாள் நம்பியதும் உண்டு.

அண்ணனும் தம்பியும் நேரில் கண்டு பல வருடங்கள். பெரியப்பாவுக்கு இருதயத்தில் கோளாறு. இவ்வளவு தூரம் விமானத்தில் வரக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆகவே நாங்கள்தான் போக வேண்டும். அதற்கான நாளையும் அவரே குறித்திருந்தார்.

"எங்கட ஆக்கள் இறுதித் தொடருக்கு வந்தா, நீ குடும்பத்தோட வாறாய். மைதானத்தில இருந்து பாக்கிறம். சரியோ?"

"ஓமண்ணை, அவை வரட்டும்," என்று அப்பா சொல்லுவார்.

ஒவ்வோர் ஆண்டும் இது நடந்தது. ஒவ்வொரு செப்டெம்பரும் அந்த அணி சரிந்தது. "என்ன செய்யிறது அண்ணை, அடுத்த வருசம் பாப்பம்" என்பதோடு எங்கள் பயணமும் அடுத்த வருடத்துக்குப் போனது. அம்மா இதில் எந்தப் பக்கமும் இல்லாதவர்போல இருப்பார். நான் பயணத்தைப் பற்றிக் கேட்டால், "முதல்ல அவை வெல்லட்டும்" என்பார். பேஸ்போலில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்றுகூட அவருக்குத் தெரியாது.

எனக்குப் பத்து வயதான அந்த ஆண்டு, அணி வேறு மாதிரி இருந்தது. செப்டெம்பர் தொடங்கும்போது யாரும் எட்டிப்பிடிக்க முடியாத தூரத்தில் முன்னால் நின்றார்கள். பெரியப்பா தன் வீட்டு மேலறைக்கு வர்ணம் பூசினார். எனக்கென்று ஒரு கட்டில் வாங்கினார். அங்கே குளிரும் என்று தடித்த மேலங்கி ஒன்றும் வாங்கிவைத்தார். ஒருநாள் தொலைபேசியில், "குஞ்சு, உன்ர சப்பாத்து அளவு என்ன?" என்று கேட்டார். நான் வகுப்பில் எல்லோரிடமும் அமெரிக்கா போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆசிரியையிடமும் சொன்னேன். எத்தனை நாள் லீவு என்று அவர் கேட்டபோது, மூன்று கிழமை என்று நானே ஒரு கணக்கும் சொன்னேன்.

வீட்டில்தான் யாருக்கும் மகிழ்ச்சி இல்லை. அணி வெல்ல வெல்ல அப்பா பேச்சைக் குறைத்தார். வென்ற காலைகளில் தேநீரைக் குடிக்காமல் ஆறவிட்டு இருப்பார். இது வெற்றியை எதிர்பார்ப்பவரின் பதற்றம் என்று நான் நினைத்தேன். ஒருநாள் குசினியில் அம்மா குரலைத் தாழ்த்தி, "இனியாவது அவரிட்டச் சொல்லுங்கோவன்" என்றார். "பொறு, இன்னும் நாள் இருக்குது" என்றார் அப்பா. எனக்குத் தெரியாமல் ஏதோ பரிசு வாங்குகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு வழக்கமானது நடந்தது. செப்டெம்பர் நடுவில் நான்கு தோல்விகள். பிறகு ஒரு வெற்றி, மூன்று தோல்விகள். எங்களுக்குப் பின்னால் இருந்த அணியோ தோற்க மறந்துவிட்டது. அந்த அணியோடு ஆட வேண்டிய கடைசி ஆட்டத்துக்கு வரும்போது இரண்டு அணியும் சமமாக நின்றன. அந்த ஒன்றை வென்றால் எங்களுக்கு இறுதித் தொடர் உறுதி.

அந்த ஆட்டம் எங்களுக்கு ஒக்டோபர் மாதத்துத் திங்கட்கிழமைக் காலையில் வந்தது. தொழிலாளர் தின விடுமுறை என்பதால் மூன்று பேரும் வீட்டில் இருந்தோம். பெரியப்பா அனுப்பிய பச்சைத் தொப்பியை நான் போட்டிருந்தேன். ஒன்பதாவது சுற்று, கடைசிச் சுற்று. நாங்கள் ஓர் ஓட்டத்தால் முன்னால். எதிரணியின் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவர் அவுட்டானால் முடிந்தது. அவர்களின் இரண்டு ஓட்டக்காரர்கள் மட்டும் உள்ளே ஓடிவரக் காத்துக்கொண்டு நின்றார்கள்; இரண்டு பேரும் வந்துவிட்டால் தோல்வி.

தொலைபேசியில் பெரியப்பா மூச்சு விடுவது கேட்டது. அம்மா குசினி வாசலில் கையைத் துடைத்தபடி வந்து நின்றார். அம்மா ஆட்டம் பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை.

எங்கள் திரையில் பந்து இன்னும் எறியப்படவில்லை. தொலைபேசியில் பெரியப்பா, "ஐயோ!" என்றார். பிறகு, "விட்டிட்டான்! கையில வந்ததை விட்டிட்டான்!"

அதற்குப் பிறகுதான் எங்கள் திரையில் பந்து எறியப்பட்டது. அடித்தவர் அதை நேரே வானத்துக்கு உயர்த்தினார். சின்னப்பிள்ளையும் பிடிக்கக்கூடிய பந்து. எங்கள் ஆள் அதற்குக் கீழே வந்து கையை விரித்தபடி நின்றார். பந்து மேலே நின்றுகொண்டிருந்த நேரத்தில், என்னால் அதைப் பார்க்க முடியாமல் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

சத்தமில்லாத சிரிப்பு. கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, முதுகில் இருந்த மூட்டையை யாரோ இறக்கிவைத்ததுபோல. பந்து விழுந்தது, இரண்டு பேரும் ஓடி வந்தார்கள், ஆட்டம் முடிந்தது. அப்பா கண்ணைத் திறந்து தொலைபேசியை எடுத்தார். அவர் குரல் அழுகிறவரின் குரல்போல இருந்தது.

"என்ன செய்யிறது அண்ணை. அடுத்த வருசம் பாப்பம்."

அம்மா வந்து அவர் தோளில் கைவைத்தார். அம்மாவின் முகத்திலும் துக்கம் இல்லை. நான் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். தோற்றதற்கு மட்டும் நான் அழவில்லை. எங்கள் வீட்டுக்குள் ஒரு துரோகி இருந்ததைக் கண்டுபிடித்த அழுகை அது.

மறுநாள் காலை பெரியப்பா என்னோடு கதைக்கவென்றே தொலைபேசி எடுத்தார். அப்பா வெளியே உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார்.

"குஞ்சு, அழுதனியாம். கட்டில் இருக்குது, அறை இருக்குது. ஒரு இடமும் ஓடாது. அப்பாவும் பாவம், சரியாக் கவலைப்பட்டவர்."

"இல்லை பெரியப்பா," என்றேன். "அப்பாவுக்குச் சந்தோசம். அவர் சிரிச்சவர். பந்து விழ முதலே சிரிச்சவர். நான் பாத்தனான்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியைப் பெரியப்பா நிறுத்துவது கேட்டது.

"அப்பாவுக்கு இஞ்ச வர விருப்பமில்லையோ?" என்று பெரியப்பா கேட்டார். தொலைபேசியில் அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ஓம் பெரியப்பா. இல்லைப்போல."

"அப்பாட்டக் குடு."

கொடுத்தேன். அப்பா ஈரக்கையோடு தொலைபேசியை வாங்கினார். அவர் பக்கத்துப் பேச்சு மட்டும் எனக்குக் கேட்டது. "இல்லையண்ணை, அப்பிடியில்லை." பிறகு, "சின்னப்பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்." பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில் அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "சரி. எனக்கு வர விருப்பமில்லை எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ."

அன்று அப்பா என்னை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. மீதி உடுப்பைக் காயப்போட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

பெரியப்பா பிறகு எடுப்பது குறைந்தது. தீபாவளிக்கு ஒருமுறை, என் பிறந்தநாளுக்கு ஒருமுறை. அடுத்த ஏப்ரலில் அணி மறுபடியும் நன்றாகத் தொடங்கியது. அப்பா சத்தத்தைக் குறைத்துவைத்துத் தனியே பார்த்தார். கதிரையில் தொலைபேசி இல்லை. நான் பக்கத்தில் போய் இருக்கவில்லை. செப்டெம்பரில் என்ன நடந்தது என்று நான் கேட்கவுமில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதில் பெரியப்பா இருதய நோயால் இறந்தார். ஈமச்சடங்கைக் கணினியில் நேரடியாகக் காட்டினார்கள். அப்பா வேட்டி கட்டி, திருநீறு பூசி, திரைக்கு முன்னால் நின்றார். கதிரையில் இருக்கவில்லை. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண் ஒலிவாங்கி இருப்பது தெரியாமல், "தம்பியார் வரேல்லையோ? ஒஸ்ரேலியாவில நல்லாத்தானே இருக்கிறார்" என்றார். அது எங்கள் வரவேற்பறையில் நன்றாகக் கேட்டது.

நான் அப்பாவைப் பார்த்து, நீங்கள் போகக்கூட இல்லையே என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலம்தான் வரும். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேலை, பிள்ளை," என்றார். நான் எழும்பி அறைக்குள் போய்விட்டேன். அன்று அம்மாவுக்கு வேலை. தன் அண்ணனின் பெட்டி மூடப்படுவதை அப்பா ஒருவராகவே நின்று பார்த்தார்.

பதினேழாவது வயதில், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விசா வகை என்ற கட்டத்தை நிரப்புவதற்காக அம்மாவிடம் எங்கள் விசாக் கடிதத்தைக் கேட்டேன். அம்மா கட்டிலில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். படகில் கடலால் வந்த எங்கள் மூவரின் அகதி விண்ணப்பமும் எனக்கு ஐந்து வயதிலேயே நிராகரிக்கப்பட்டுவிட்டது. அதை எதிர்த்துப் போட்ட வழக்கு முடியும்வரை இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. நாங்கள் படகில் இருந்த பத்தொன்பது நாட்களும் பெரியப்பாவுக்கு ஒரு செய்தியும் கிடைக்கவில்லை. அந்த நாட்களில்தான் அவருக்கு முதல் தடவை இருதயம் நின்று, ஆஸ்பத்திரியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆகவே நிராகரிப்புக் கடிதம் வந்த அன்று அப்பா அவரை அழைத்து, "எல்லாம் சரிவந்திட்டுது அண்ணை, இனிப் பயமில்லை" என்று சொல்லியிருக்கிறார். பெரியப்பா அதைக் கேட்டு அழுதாராம். அந்த வார்த்தையை மாற்றிச் சொல்ல அப்பாவுக்குப் பிறகு ஒரு நாளும் கிடைக்கவில்லை.

அந்தப் பின்னேரம் அப்பா வேலைக்குப் புறப்பட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் முன்னால் நின்றேன்.

"பெரியப்பாட்ட ஏன் கடைசிவரைக்கும் சொல்லேல்லை? அவர் உங்களைப் பிழையாத்தானே நினைச்சவர்."

அப்பா குனிந்தபடியே நாடாவைக் கட்டி முடித்தார்.

"அவர் என்னோட கோவமா இருக்கலாம் பிள்ளை. பயத்தோட இருக்கக்கூடாது."

பிறகு வீட்டுத் திறப்பை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அந்தத் தோல்விக்கு மறுநாள் தொலைபேசியில் பெரியப்பாவிடம் நான் என்ன சொன்னேன் என்று அப்பா என்னை ஒருநாளும் கேட்டதில்லை. பத்து வயதில் கேட்டிருந்தால், கண்டதைத்தானே சொன்னேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொல்லியிருப்பேன்.