'கடைசி' என்றொரு பெயர்

அலுவலகத்தில் அவளை 'நாப்பது' என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் வயதைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்துச் சங்கடப்படுவார்கள். வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லிஃப்டுகளை இயக்கும் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. எழுதுகிறவர்கள் எதையாவது மாற்றிச் சேமிக்கும்போதெல்லாம் அந்தப் பதிப்புக்குக் கணினி தானாகவே ஓர் அடையாளம் கொடுத்துவிடும். எழுத்தும் எண்ணும் கலந்து நாற்பது குறிகள். உள்ளே ஒரு காற்புள்ளி மாறினாலும் அடையாளம் அடியோடு மாறிவிடும். எந்தப் பதிப்பைப் பற்றி யார் பேச வந்தாலும் அவள் முதலில் கேட்பது அந்த நாற்பதைத்தான்.

மற்றவர்களுக்கு அதைப் பார்க்கப் பொறுமை ஏது? பதிப்பின் மேல் ஆளுக்கொரு பெயர்ச்சீட்டை ஒட்டிவிடுவார்கள். 'கடைசி', 'கடைசி-புதுசு', 'நெஜமாவே-கடைசி', 'சத்தியமா-கடைசி'. அந்தப் பட்டியலைத் திறந்தாலே பிறர் எச்சில் தட்டில் கை வைத்ததுபோல அவளுக்கு உடம்பு கூசும். ஒட்டிய சீட்டை உரித்து வேறொன்றின் மேல் ஒட்டலாம். எவனும் கேட்கமாட்டான்.

பெயர் கைமாறுவதை அவள் வீட்டிலேயே பார்த்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியாருக்கு அவள் 'புதுப்பொண்ணு'. பழைய பொண்ணாகி வெகுகாலம் கழித்தும் அந்தப் பெயர் போகவில்லை. கொழுந்தனுக்குக் கல்யாணமான மறுநாள், "புதுப்பொண்ணே, இங்க வாம்மா" என்ற குரலுக்கு வழக்கம்போல எழுந்து போனாள். "உன்ன இல்லடி, அவள" என்றார் மாமியார். ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று இவளும் சேர்ந்துதான் சிரித்தாள். வீட்டில் சிரிக்கலாம்.

ஒரு பெரிய குடியிருப்புக்குப் போகவேண்டிய பதிப்பை அவள் சோதித்து முடித்திருந்தாள். பெயர் 'கடைசி'. கதவு மூடும்போது குறுக்கே எது வந்தாலும் தொடுவதற்கு முன்பே திறந்துவிட வேண்டும். குழந்தையின் கை, கிழவரின் கைத்தடி, நாயின் சங்கிலி எல்லாவற்றையும் நினைத்துச் சோதித்தாயிற்று. சான்றிதழில் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. பேனாவை எடுக்குமுன் எதற்கும் இருக்கட்டும் என்று சோதனைக் கூடத்து லிஃப்டில் இன்னொரு முறை கையை நீட்டினாள். கதவு நிற்கவில்லை. முழங்கையை நசுக்கிவிட்டு, போனால் போகிறது என்பதுபோலத் திறந்தது.

திரையில் பெயர் 'கடைசி' என்றே இருந்தது. கீழே இருந்த நாற்பது குறிகள் வேறு.

நேரே குழுத்தலைவனின் அறைக்குப் போனாள். அவளைவிட இளையவன். அவளை மட்டும் 'அக்கா' என்பான்; மற்றவர்களையெல்லாம் 'பாஸ்' என்று கூப்பிடுவதால் அவனுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, மரியாதையால் வந்ததல்ல. மேசையில் காபிக் கோப்பைக்குள் பூஞ்சை படர்ந்திருந்தது. விசைப்பலகையின் இடுக்கெல்லாம் பிஸ்கட் தூள்.

"'கடைசி'ய உரிச்சு வேற ஒண்ணு மேல ஒட்டினது யாரு?"

"நான்தாங்க்கா. கதவு ரொம்ப மெதுவா மூடுதுன்னு கட்டடக்காரங்க நச்சரிச்சாங்க. ஒரே ஒரு வரிதான் மாத்தினேன்."

"அப்ப வேற பேரு வெக்கவேண்டியதுதானே?"

"வெச்சா நீங்க மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிப்பீங்க. பேரு அதேதானே இருக்கு? சான்றிதழ்லயும் கடைசின்னுதான் இருக்கு. கண்ண மூடிக்கிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க."

"கண்ண மூடிக்கலாம். கைய எங்க வெச்சுக்கிறது?" முழங்கையைக் காட்டினாள். சிவந்து தடித்திருந்தது.

"ஐயோ! நீங்க ஏங்க்கா உள்ள விட்டீங்க?" என்றான், பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே.

அவள் தன் இடத்துக்கு வந்தாள். சான்றிதழில் 'கடைசி' என்ற சொல்லை அடித்துவிட்டு, தான் சோதித்த பதிப்பின் நாற்பது குறிகளையும் அந்த இடத்தில் வைத்து, அதன் கீழே கையெழுத்திட்டு, லிஃப்டைப் பொருத்தும் மெக்கானிக்குக்கு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை அவர் குழுத்தலைவனை அழைத்தார். அவன் அறையிலிருந்து ஒலிபெருக்கி வழியாகக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"சார், மேடம் எழுதிக் குடுத்ததும் நீங்க அனுப்பினதும் ஒத்துவரலையே. எதப் போடட்டும்?"

"பேரு ஒண்ணுதானே பாஸ்?"

"பேரு கெடக்கட்டும் சார். நாளைக்கு எவன் கையாவது மாட்டிக்கிச்சுன்னா என் சட்டையத்தான் புடிப்பாங்க. மேடம் எழுதினத அனுப்புங்க."

அனுப்பினான். மதியக் கூட்டத்தில், தரம் என்று வந்துவிட்டால் தான் யாருக்கும் வளைந்து கொடுப்பதில்லை என்று அவனே பேசினான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் வேறொரு கட்டடத்துக்கான பதிப்புகளைத் திறந்தபோது பட்டியலில் ஒரு புதுச் சீட்டு இருந்தது: 'அக்கா-ஓகே'. அவள் கண்ணிலேயே படாத பதிப்பு. உள்ளே போய்ப் பார்த்தாள். கதவுக்காக அவன் மாற்றிய அந்த ஒரு வரி அப்படியே இருந்தது.

எழுந்து போய், சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்தாள். பிறகு அந்தச் சீட்டை உரித்தெறிந்தாள்.

சற்று நேரத்தில் அறையிலிருந்து சத்தம் வந்தது. "'அக்கா-ஓகே'ய யாரு பாஸ் அழிச்சது?"

"அக்காதான்" என்றாள்.