பயன்பாட்டில் இல்லை

பழைய கல்லைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற கூட்டத்தோடு மூன்று வருஷம் சுற்றினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேளம்பாக்கம் முனையில் வேன் வந்து நிற்கும். படூர் அடுக்குமாடிக்காரர்கள் சிலர், அணுபுரம் குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு குடும்பம், ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் நான்கைந்து பேர். எல்லாரும் மதுரை, நெல்லை, கோவை என்று எங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள். "வடக்க வந்து பொழைக்கிறோம், இங்க என்னதான் இருக்குன்னு பாத்துடுவோமே" என்பதுதான் அவர்கள் பேச்சு. குழுவை நடத்தியவர் ஓய்வு பெற்ற ஒரு விஞ்ஞானி. எங்களுக்கு அவர் 'சார்'. நல்ல மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நானும் ரசித்தேன், பொய் சொல்லக் கூடாது. வல்லம் குடைவரையின் வாசலில் காலை வெயில் விழுவதைப் பார்த்தேன். மாமல்லபுரத்தில் கூட்டம் சேர்வதற்கு முன்னால், பாதியில் கைவிட்ட பாறையின் உளித் தடத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். கொளவாய் ஏரிக்கரையில் நாரைக்காக அசையாமல் நின்றேன். சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன, மண்டையோடும் எலும்பும் செதுக்கிய பெரிய பலகைக் கற்கள். சார் அங்கே தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். நாங்களும் வாய் திறக்காமல் நின்றோம். கடல் தாண்டி வந்து துணி வியாபாரம் பண்ணிய எவனோ ஒருவனுக்காக எனக்குக் கண்கூடக் கலங்கியது.

உங்களுக்கு எந்த ஊர் என்று கேட்டவர்களிடம் 'செங்கல்பட்டுப் பக்கம்' என்பேன். என் ஊர் கேளம்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் இருபது நிமிஷம். ஊர்கூட இல்லை, ஊரை ஒட்டிய காலனி. தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அப்பா லாரி ஷெட்டில் வேலை செய்தார், அண்ணன் வெல்டர், நான் படித்து ஒரு கம்பெனியில் எச்.ஆரில் இருக்கிறேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். என் ஃப்ளாட்டில் யாராவது இருக்கும்போது அவர் போன் வந்தால் மட்டும் 'சொல்லுங்கப்பா' என்பேன். அவரும் புரிந்துகொண்டு, "ஆளுங்க கீறாங்களா? செரி, அப்பால பேசறேன்" என்று வைத்துவிடுவார். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

காலனிக்கு மேற்கே எங்கள் இடுகாடு. அதிலேயே பெரிய உருண்டைக் கற்கள் வட்டம் வட்டமாக நிற்கும். நைனா அதைப் பாண்டவர் குழி என்பார். வட்டத்துக்குள் யாரும் மண்வெட்டி போட மாட்டார்கள், அங்கே வேறு யாரோ படுத்திருக்கிறார்கள் என்று. வட்டங்களுக்கு வெளியேதான் எங்கள் சாவுகள். புருஷன் பெண்டாட்டியில் யார் முதலில் போனாலும் பக்கத்தில் இன்னொரு ஆள் படுக்கிற அளவு இடம் விடுவார்கள். தலைமாட்டுக் கல்லை இருவருக்கும் பொதுவாக நடுவில் நடுவார்கள். நான்கு வருஷத்துக்கு முன் அம்மா போனபோது அப்படித்தான் நட்டார்கள். "என்ன அவளாண்ட வெச்சிடுங்க. வேற இன்னாத்த கேக்கப் போறேன் உங்கள" என்று நைனா அப்புறம் எத்தனையோ தடவை சொன்னார். இதெல்லாம் எனக்குக் கேள்வி ஞானம். எங்கள் பெண்கள் முச்சந்தியோடு திரும்பிவிட வேண்டும் என்பதால் நான் அதற்குள் கால் வைத்ததே இல்லை.

முதல்முறை வைத்தது குழுவோடு, ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுக்கொண்டு. யாரோ செல்போன் வரைபடத்தில் அந்த வட்டங்களைக் கண்டுபிடித்தார்கள். பெருங்கற்காலத்துப் புதைகுழிகள் என்று சார் குதூகலித்தார். அடுத்த ஞாயிறே வேன் அங்கே போய் நின்றது. காலனிக்குள் நுழையாமல் மெயின் ரோட்டுப் பக்கமிருந்து போனோம். பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். வேலிக்காத்தான் ஆள் உயரம் வளர்ந்து கிடந்தது. அதற்கு நடுவே சின்னச் சின்னக் கற்கள். அதில் ஒன்று அம்மாவுடையது, எது என்று எனக்குத் தெரியவில்லை. மதுரைக்கார அக்கா ஒருவர் அதில் ஒன்றின்மேல் உட்கார்ந்து காலில் முள் எடுத்துக்கொண்டே, "என்னப்பா, சுடுகாடு மாதிரி இருக்கு? வீட்டுக்குப் போயி தலைக்கு ஊத்தணுமோ?" என்றார். யாரோ சிரித்தார்கள். சார் என் பக்கம் திரும்பி, "நீங்க இந்தப் பக்கம்தானேம்மா, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். "பழசு சார். இப்ப யாரும் வர்றதில்ல" என்றேன். வாயில் கொழுக்கட்டையாவது வைத்திருந்திருக்கலாம். கணீரென்று சொன்னேன்.

கல்வட்டங்களைப் பாதுகாக்கச் சொல்லித் தொல்லியல் துறைக்கு மனு போடத் தீர்மானித்தார்கள். நன்றாகத் தமிழ் எழுதுகிறவள் என்று வேலையை என் தலையில் கட்டினார்கள். மனுவோடு இணைக்க ஒரு படிவம் இருந்தது. சர்வே எண், பரப்பு, எல்லைகள், கடைசியில் 'நிலத்தின் தற்போதைய பயன்பாடு'. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலனி இடுகாடு என்று எழுதினால் உனக்கெப்படித் தெரியும் என்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த ஞாயிறு வேனில் என் பக்கத்து இருக்கை காலியாகிவிடுமோ என்று பயம். ஒருவேளை ஆகியிருக்காது. ஆனால் வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணுக்கு டம்ளர் தனி, லிஃப்ட் தனி என்று நான் குடியிருந்த அதே படூர் அடுக்குமாடியில் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். 'பயன்பாட்டில் இல்லை. முட்புதர் மண்டிய தரிசு' என்று எழுதினேன். சார் வாங்கிப் படித்துவிட்டு, "ரொம்ப நீட்டா இருக்கும்மா" என்றார்.

காலனி ஆட்கள் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் யாரோ வந்து அளந்துவிட்டுப் போனார்களாம். சித்திரையில் சர்வே எண் முழுவதையும் வளைத்துக் கம்பி வேலி வந்தது. இரும்புக் கேட், நீல போர்டு. எங்கள் ஆட்கள் போய்ச் சண்டை பிடித்தார்கள். யூஸில் இல்லை என்று பேப்பரில் இருக்கிறது, எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று கான்டிராக்டர் ஆள் சொல்லிவிட்டான். அந்த வாரம் நான் காலனிக்குப் போயிருந்தேன். நைனா எனக்குத் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே, "எவனோ படிச்சவன் எழுதிக் குடுத்துக்கீறான். கண்ணு தெரியாத பேமானி" என்றார். நான் இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டேன்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை விடிகாலை நைனா தூக்கத்திலேயே போய்விட்டார். முந்தின மூன்று நாளும் மழை. காலையிலேயே அண்ணன் கேட்டுக்குப் போனான். பூட்டியிருந்தது. "சாவி என்னாண்ட இல்ல அண்ணாத்த. திங்கக்கெழம ஆபீஸ்ல போயி கேளு" என்றானாம் வாட்ச்மேன். பூட்டை உடைத்தால் கேஸாகிவிடும் என்று பெரியவர்கள் அண்ணனைத் தடுத்தார்கள்.

சாருக்குத் தொல்லியல் ஆபீஸில் எல்லாரையும் தெரியும், அவர் ஒரு போன் போட்டால் சாவி வரும். நான் வீட்டுக்குப் பின்னால் போய் அவரைக் கூப்பிட்டேன். செத்துப்போனது எங்க அப்பா சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். என் பாழும் வாய், "எங்க வீட்ல வேலை செய்யற அம்மாவோட அப்பா இறந்துட்டாரு சார். அந்த எடத்துலதான் பொதைப்பாங்களாம்" என்றது. அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "பாவம்மா. ஆனா ஒருத்தருக்குத் தொறந்தா வரிசையா வருவாங்க, அப்புறம் சைட்டே போயிடும். மின்மயானம் இருக்கே, அங்க கொண்டு போகச் சொல்லுங்க. வண்டிக்கு வேணும்னா நான் ஏற்பாடு பண்றேன்" என்றார். வேண்டாம் சார் என்று வைத்துவிட்டேன்.

பெண்கள் முச்சந்தியில் நின்றோம். எங்கள் தெருவில் அதுவரை செத்த எல்லாரையும் அங்கிருந்து இடப்பக்கம்தான் தூக்கிப் போனார்கள். நைனாவை வலப்பக்கம் தூக்கிப் போனார்கள், ஏரிக்கரைச் சரிவுக்கு. பாடை அந்தப் பக்கம் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் சித்திகள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். சாயங்காலம் அண்ணன் இடுப்புவரை சேறாகத் திரும்பி வந்தான். "தோண்டத் தோண்ட தண்ணி ஊறிகினே இருந்துச்சி. வாளில மொண்டு மொண்டு ஊத்தறோம், நிக்கவே இல்ல. மெதக்கறாரு. மேல மண்ணு மூட்டைய வெச்சி அமுத்திட்டு வந்தோம்" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னான். நான் ஓர் அடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன்.

காரியம் முடிந்த அடுத்த வாரம் அண்ணன் என் ஃப்ளாட்டுக்கு வந்தான். கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு அன்றுதான் வருகிறான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று வெள்ளைத்தாளை நீட்டினான்.

"காலனில பேசி முடிவு பண்ணிக்கீறோம் பாப்பா. எடத்த தொறந்து உடச் சொல்லி மனு குடுக்கணும். நைனாவ எடுத்தாந்து அம்மாவாண்ட வெக்கணும். உனுக்குத்தான் நல்லா எழுத வரும். எழுதிக் குடு."

"அத எழுதினது நாந்தாண்ணா" என்றேன்.

"எத்த?"

"அந்த எடம் யூஸ்ல இல்லன்னு."

கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தேன். அவன் என் சோபாவை, திரைச்சீலையை, டைல்ஸ் தரையை எல்லாம் ஒரு சுற்று பார்த்தான்.

"எங்கள சொல்லிக்க அசிங்கமா இருந்துச்சா?"

"ஆமாண்ணா."

செருப்பை வாசலில் கழற்றி விட்டான். பிறகு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான். "அத்த எழுதன கைதான? இத்தயும் எழுது" என்றான். தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை. நான் எழுதி முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். இரண்டு பக்கம் வந்தது. கீழே கையெழுத்துகளுக்கு இடம் விட்டு, முதல் ஆளாக நானே போட்டுவிடலாம் என்று பேனாவைத் தாளில் வைத்தேன். அண்ணன் தாளை இழுத்துக்கொண்டான்.

"நீ போடாத. இது காலனி ஆளுங்க போடறது" என்று சொல்லிவிட்டு, அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியில் இறங்கிப் போனான்.