துபாயிலிருந்து தாம்பரம் நாலு மணி நேரம்

எண்பதுகளின் நடுவில் கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். என் மூன்று வயது மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால், துபாயில் வேலை பார்த்த என் தம்பி நாலு வருஷம் கழித்து லீவில் வருகிறான். அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் காரியம் முடிய வேண்டும்.

'இங்கே விடியற்காலை மூணு மணிக்கு ஃபிளைட்' என்று மட்டும் கடிதத்தில் எழுதியிருந்தான். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், சும்மா இருப்பேனா? அட்லஸை விரித்து நூல் பிடித்து அளந்தேன். சுமார் மூவாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரம். ஏழு மணிக்கு மீனம்பாக்கம், எட்டரைக்கு வீடு என்று ஊரெல்லாம் பெருமையடித்து, ஆசாரியை ஒன்பதுக்கு வரச் சொல்லிவிட்டேன்.

அன்று மீனம்பாக்கம் விமான நிலையத்தில் காத்து நின்றேன். ஏழாயிற்று, ஏழரை ஆயிற்று. துபாய் விமானத்தைக் காணோம். கண்டதையெல்லாம் நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற டாக்ஸி டிரைவர் என்ன ஏதென்று விசாரித்தார்.

"இன்னாம்மா நீங்க, அங்க மூணு மணின்னா நம்ம ஊர்ல நாலரை. பிளேன் எட்டரைக்குத்தான் வரும். பயப்படாதீங்க."

கணக்கு டீச்சருக்கு மானம் போயிற்று. உயிர் திரும்பிய மறுநிமிடமே அடுத்த பதைப்பு பிடித்துக்கொண்டது. பத்தரைக்குள் போய்ச் சேர முடியுமா?

சுங்கச் சோதனை முடிந்து தம்பி வெளியே வரும்போது ஒன்பது ஐம்பது. கட்டிப்பிடித்து அழக்கூட நேரமில்லை. அதே டிரைவர் ஜி.எஸ்.டி. ரோட்டில் பறந்தார். குரோம்பேட்டை போனதே தெரியவில்லை. தாம்பரத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. மணி பத்தே கால்.

"எறங்கி ஓடுங்கம்மா. பெட்டிங்கள நான் எட்த்துகினு வர்றேன். வூடு எங்க கீது, அத்த மட்டும் சொல்லுங்க."

முன்பின் தெரியாத மனிதர். டிக்கியில் தம்பியின் நாலு வருஷச் சம்பாத்தியம். அவன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் இரண்டிரண்டு படியாகத் தாவினான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.

அவன் மணையில் உட்காரும்போது மணி பத்து இருபத்து நாலு. மாமனை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள் என் மகள். அவன் கையில் மின்னிய கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு சமர்த்தாக மடியில் உட்கார்ந்தாள். இரண்டு காதும் குத்தியாயிற்று. நிமிர்ந்தால் பந்தல் வாசலில் டிரைவர், இரண்டு பெட்டிகளோடு. கையைப் பிடித்து இழுத்து வந்து சாப்பிட உட்கார வைத்தோம்.

பந்தியிலும் மகள் அந்தக் கடிகாரத்தை விடவில்லை. எட்டிப் பார்த்தேன். அதில் ஒன்பதரை, எங்கள் வீட்டுச் சுவரில் பதினொன்று. வந்த அவசரத்தில் தம்பி அதை மாற்றவே இல்லை. நாலு வருஷமாக ராத்திரி ஒன்பதுக்கு, 'இந்நேரம் சாப்பிட்டுப் படுத்திருப்பான்' என்று நினைத்து நானும் படுத்திருக்கிறேன். அப்போது அங்கே ஏழரைதான். வேலையிலிருந்து அறைக்கே திரும்பியிருக்க மாட்டான். தூரத்தை நூல் பிடித்து அளந்த நான், உனக்கு இப்போது மணி என்ன என்று ஒரு கடிதத்தில்கூட அவனைக் கேட்டதில்லை. இன்றைக்கும் வெளிநாட்டிலிருந்து யார் போன் செய்தாலும், நலம் விசாரிப்பதற்கு முன்னால் நான் கேட்பது அதைத்தான்.